பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது?

ஒரகடம் என்றால் இன்று கார், லாரி, டயர். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது ஏரி, நெல், வேர்க்கடலை. கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க வரும் கூட்டத்தை விட்டால் வெளியாள் வரத்தே கிடையாது. இந்தப் பக்கம் கம்பெனிகள் வந்த கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். பெற்றவள் வேலைக்குப் போனபோது பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற கதை என் கண்ணில் பட்டதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பால்வாடி டீச்சராக இருந்தவள் என்ற உரிமையில் அதை நான் எழுதுகிறேன்.

நடவுக்குப் போகிறவள் கைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டுதான் போவாள். வேப்பங்கிளையில் பழைய புடவை தூளியாகும். நடவுக்குக் குனிய முடியாத ஓர் ஆயா வரப்பில் உட்கார்ந்து நாலைந்து தூளிகளையும் ஆட்டுவாள். பிள்ளை பாலுக்கு அழுதால் தாய் சேற்றுக்காலோடு கரையேறுவாள். கூலி கொடுப்பவர் முறைப்பார். முறைத்தாலும் அது நடக்கும். கூலி வாங்கும்போது ஆயாவுக்கும் ஒரு படி நெல் ஒதுக்குவார்கள்.

பொற்காலம் என்று சொல்லவரவில்லை. ஏழு வயதுப் பெண்பிள்ளை தம்பியை இடுப்பில் சுமந்து சுமந்தே பள்ளிக்கூடத்தை மறந்தாள். அதையும் நான் புறக்கணிப்பு என்றுதான் சொல்வேன். ஊரில் யாரும் அப்படிச் சொல்லவில்லை, 'பொறுப்பான பொண்ணு' என்று மெச்சினார்கள். கிணற்றுப் பக்கம் தவழ்ந்துபோய்த் திரும்பாத பிள்ளைகளும் உண்டு.

1982 ஜூலை 1 அன்று திருச்சிக்கு அருகே பாப்பாகுறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தோடு நிற்காமல் இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளுக்கும் ஊர் ஊராக மையங்கள் வந்தன. அந்த வேலைகளில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. மத்திய அரசின் அங்கன்வாடித் திட்டம் அதற்கு முன்பே, 1975 அக்டோபர் 2 அன்று, தொடங்கியிருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் எந்தத் திட்டமானாலும் பெயர் பால்வாடிதான்.

எல்லோரும் சோற்றைப் பற்றியே பேசினார்கள். தாய்மார்களைக் கேட்டிருந்தால் வேறு சொல்லியிருப்பார்கள். காலையில் விட்ட பிள்ளை விட்ட இடத்திலேயே இருக்கிறது என்ற நிம்மதி சோற்றைவிடப் பெரிதாக இருந்தது. களை பறிக்கப் போனவள் நிமிர்ந்து நிமிர்ந்து மரத்தடியைப் பார்க்க வேண்டியதில்லை.

எனக்குத் துப்புக் கொடுத்தது எடைத் தராசு. மாதாமாதம் எடை போட்டு அட்டையில் புள்ளி வைப்போம். ஏறிக்கொண்டிருந்த கோடு திடீரென்று சரிந்தால் அந்த வீட்டுக்கு நடப்பேன். பாதி நேரம் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோதான். மீதியில் தாய் புதிதாக வேலைக்குப் போயிருப்பாள், இல்லை ஆயா செத்துப்போயிருப்பாள்.

1996 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை எழும்பத் தொடங்கியது. 1998இல் அங்கிருந்து கார் வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010இல் ஒரகடத்திலேயே ரெனோ-நிசான். நிலம் போனவர்களில் கொஞ்சம் பணம் பார்த்தவர்கள் லைன் வீடு கட்டினார்கள்: வரிசையாகப் பத்து அறை, மேலே ஷீட், கோடியில் ஒரு குழாய். ஒடிசா, பீகார், அசாமிலிருந்தும், நம் விழுப்புரம், திருவண்ணாமலையிலிருந்தும் புருஷன் பெண்டாட்டியாக வந்து நிறைந்தார்கள். எல்லோரும் வந்தார்கள், ஆயாக்கள் மட்டும் வரவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலை, அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 48ஆம் பிரிவில் சொன்னது. நல்ல சட்டம்தான். ஆனால் அது பெண் தொழிலாளியின் பிள்ளையை மட்டுமே கணக்கில் எடுத்தது. அப்பா அசெம்பிளி லைனில் நிற்க, அம்மா வெளியே கட்டட வேலையில் ஜல்லி சுமந்தால் அந்தக் காப்பகத்தில் பிள்ளைக்கு இடமில்லை. கட்டடத் தொழிலாளருக்கு 1996இல் வந்த சட்டமோ ஐம்பது பெண்களுக்கு மேல் இருந்தால்தான் காப்பகம் என்றது. ஒப்பந்தக்காரர்கள் எண்ணத் தெரிந்தவர்கள். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகம், தாய் நாளுக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்றார்கள். தாயைக் கரையேற விடச் சட்டத்துக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

பிள்ளைத்தொல்லை வராமலிருக்கச் சுலபமான வழி கல்யாணமாகாத பெண்களையே எடுப்பது. ஸ்ரீபெரும்புதூரில் பாக்ஸ்கான் நடத்தும் ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பாக்ஸ்கான் மறுத்தது, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை முதல்வர் திறந்தார். சந்தோஷம். கைக்குழந்தைக்காரி லைன் வீட்டில்தான் இருக்கிறாள்.

அப்படி ஒரு லைன் வீட்டில், கத்திரி வெயிலில், வெளியே பூட்டிய அறைக்குள் மூன்று வயதுப் பையன் இருந்தான். ஜன்னல் கம்பி வழியே தண்ணீர் கேட்டான். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 'அது அவங்க வீட்டு விஷயம் டீச்சரம்மா' என்றார்கள். கேன்டீனில் பாத்திரம் தேய்த்துவிட்டுத் தாய் சாயங்காலம் வந்தாள். ஒடியாக்காரப் பெண். கோபமாகக் கேட்டேன். 'பூட்டலன்னா ரோடு போயிடும். லாரி டீச்சர், லாரி' என்றாள். கன்டெய்னர் லாரிகள் ஓடும் அந்த ரோட்டைப் பார்த்தவர்களுக்கு அவள் சொன்னது விளங்கும். ஷிப்ட் முடியும்வரை பிள்ளை உயிரோடு இருக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி பூட்டு.

மறுநாள் பையனை மையத்தில் சேர்த்தேன். அங்கன்வாடியில் வெளிமாநிலப் பிள்ளையையும் சேர்க்கலாம், பலருக்கு இது தெரியாது. ஆனால் மையம் சாயங்காலம் மூடிவிடும், ஷிப்ட் மூடாது. அந்த இடைவெளிக்கு அதே வரிசையில் இருந்த திருவண்ணாமலைக்கார அம்மா ஒருத்தி சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். மாதம் ஏதோ கொடுத்தார்கள். பழைய ஒரு படி நெல் திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு.

டெல்லியிலும் 1969இல் இப்படித்தான். காந்தி நூற்றாண்டுக்காக ராஜ்காட்டில் நடந்த கட்டட வேலையில் கைக்குழந்தைகள் மண்ணில் கிடப்பதைப் பார்த்த மீரா மகாதேவன் அங்கேயே கூடாரம் அடித்துப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். மொபைல் கிரச்சஸ் அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததுதான்.

பூட்டிய பிள்ளையைப் பற்றி வெளியே சொன்னால் போலீஸ் வந்துவிடும், தாயை ஜெயிலில் போடுவார்கள் என்று பயந்தே பலர் வாய் திறப்பதில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவில், வேண்டுமென்றே பிள்ளையைப் புறக்கணித்தால் மூன்று வருஷம் வரை சிறை என்கிறது. உண்மைதான். பெற்றவர் தம் கைமீறிய நிலையில் பிள்ளையைக் கைவிட்டிருந்தால் அதை வேண்டுமென்று செய்ததாகக் கொள்ளக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098க்கு எந்த நேரமும் காசில்லாமல் பேசலாம், பேசுகிறவர் பெயர் வெளியே போகாது. பூட்டிய அறை, இடுப்பில் தம்பியோடு பள்ளி நேரத்தில் திரியும் அக்கா, நாளெல்லாம் பிஸ்கட்டிலேயே இருக்கும் பிள்ளை: பார்த்தால் முதலில் தாயிடம் தன்மையாகப் பேசுங்கள், அங்கன்வாடிக்குச் சொல்லுங்கள். அடி, காயம், மயக்கம் என்றால் காத்திராமல் போன் போடுங்கள்.

லைன் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து அறை கட்டியவர்கள் ஓர் அறையைப் பிள்ளைகளுக்கு விடுங்கள். ஒன்பது வீட்டுக்காரர்களும் சேர்ந்தால் ஓர் ஆயாவுக்குச் சம்பளம் கொடுத்துவிடலாம். ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று காகிதத்தில் இருக்கும். அடுத்த கிராம சபையில் எழுந்து, அது கடைசியாக எப்போது கூடியது, பூட்டிய அறைகளில் எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்துவிட்டு உட்காருங்கள்.