தலைகீழாக நின்ற ஃபிரிஜ்

போன செவ்வாய்க்கிழமை காலை காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது எதிர் வீட்டு அம்மாள் வந்தார். "ஐயா, ஃபிரிஜ் ஜில்லுன்னு ஆகல. போன்ல கேட்டா, கேஸ் போயிருக்கும், நாளைக்கு வரேன், நாலாயிரம் ஆகும்ங்கறான். உள்ளே இன்சுலின் இருக்கு, என்ன செய்யறது?" என்றார். "இன்சுலினைக் கொண்டுவந்து எங்கள் ஃபிரிஜ்ஜில் வையுங்கள் அம்மா. எதையும் கழற்ற விடாதீர்கள், நான் வந்து பார்க்கிறேன்" என்றேன்.

"குமாஸ்தா வேலை பார்த்தவருக்கு ஃபிரிஜ்ஜைப் பற்றி என்ன தெரியும்?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் 1974-இல் இருக்கிறது. அதற்குப் போகுமுன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

எங்கள் சிறு வயதில் புதுச்சேரியில் ஐஸ் என்றால் மரத்தூளில் புதைத்து, சாக்கில் சுற்றி, சைக்கிளின் பின்னால் சொட்டச் சொட்ட வருவது. பிரெஞ்சுக்காரர் வீடுகளில் அதை வைக்க உள்ளே தகரம் அடித்த மரப்பெட்டி ஒன்று இருக்கும், 'கிளாசியேர்' என்பார்கள். என் அப்பா அப்படி ஒரு வீட்டில் சமையல்காரர். மதாம் வீட்டு கிளாசியேரில் மிஞ்சிய ஐஸ் துண்டைச் சில நாள் தூக்குச் சட்டியில் போட்டுக் கொண்டுவருவார். வீடு வந்து சேரும்போது பாதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீருக்கு நாங்கள் ஐந்து பேர் அடித்துக்கொள்வோம்.

அதற்கும் முன்னால் ஐஸ் கடல் கடந்து வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி 1833-இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். ஏற்றியது சுமார் 180 டன். நான்கு மாதம் கழித்து வந்து சேர்ந்தது சுமார் 100 டன். சென்னையிலும் அந்த ஐஸைச் சேமிக்க 1842-இல் ஒரு கட்டடம் கட்டினார்கள். ஐஸ் ஹவுஸ் என்று நாம் சொல்லும் இடம் அதுதான். 1897-இல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். ஏரி ஐஸ் வியாபாரத்தை ஒழித்தது இயந்திர ஐஸ்.

அந்த இயந்திரத்தில் பிரெஞ்சுக்காரர் பங்கு பெரியது. பள்ளியில் எங்கள் வாத்தியார் முசியே இதை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார். ஃபெர்தினான் கார்ரே என்பவர் 1859-இல் அம்மோனியாவையும் தண்ணீரையும் வைத்து ஐஸ் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கிலிருந்து ஐஸ் வராமல் நின்றபோது, தென் மாநிலத்தார் கார்ரேயின் இயந்திரங்களை முற்றுகையைத் தாண்டிக் கடத்திக்கொண்டு போனார்கள். அடுத்தவர் ஷார்ல் தெலியே. 1876-இல் 'லெ ஃபிரிகோரிஃபிக்' என்ற குளிரூட்டிய கப்பலை ருவான் துறைமுகத்திலிருந்து புவனோஸ் ஐரெசுக்கு இறைச்சியோடு அனுப்பிக் காட்டினார். உலகத்துக்கே குளிர்ச்சி கொடுத்த அந்த மனிதர் 1913-இல் பாரிசில் வறுமையில் செத்துப்போனார். இதை மட்டும் வாத்தியார் சொல்லவில்லை, பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்காரர்கள் ஃபிரிஜ்ஜுக்குச் சொல்லும் 'ஃபிரிஜிதேர்' என்பது பிரெஞ்சுச் சொல்லே இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் என்ற அமெரிக்கக் கார் கம்பெனி விற்ற குளிர்பெட்டியின் பெயர். நாம் டால்டா, ஜெராக்ஸ் என்று சொல்வதில்லையா, அது மாதிரி.

மின்சாரம் இல்லாத இடத்துக்கு ஒரு ஃபிரிஜ் இருந்தது என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். 1922-இல் ஸ்டாக்ஹோமில் ஃபான் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தார்கள். எலெக்ட்ரோலக்ஸ் கம்பெனி அதை வாங்கி உலகம் முழுவதும் விற்றது. உள்ளே மோட்டார் கிடையாது, சத்தமும் கிடையாது. கீழே ஒரு மண்ணெண்ணெய் விளக்கு எரியும். அந்தச் சூட்டில், தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியா ஆவியாகி மேலே போகும். மேலே குழாயில் ஆறித் திரவமாகும். அங்கிருந்து இறங்கி, ஹைட்ரஜன் வாயு இருக்கும் இடத்தில் மறுபடி ஆவியாகும்போது பெட்டியின் சூட்டை உறிஞ்சும். கடைசியில் தண்ணீர் அந்த அம்மோனியாவைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். நெருப்பை வைத்துக் குளிர்ச்சி! உள்ளே ஓடுகிற திரவம் எல்லாம் தானாக இறங்கித்தான் ஓட வேண்டும், தள்ளிவிட எதுவும் இல்லை. இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1972-இல் நான் வேலைக்குச் சேர்ந்தேன். என் மேசையில் இருந்தது சாமான்கள் பதிவேடு. எந்த அலுவலகத்தில் எத்தனை நாற்காலி, எது உடைந்தது, எதைக் கழித்து ஏலம் விடலாம் என்ற கணக்கு. 1974-இல் ஒரு கிராமத்து மருந்தகத்திலிருந்து கடிதம் வந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்து மண்ணெண்ணெய் ஃபிரிஜ் ஒன்று குளிரவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். ஊருக்கு மின்சாரம் வந்திருந்தாலும் மருந்தகத்துக்கு இன்னும் இழுக்கவில்லை. பாம்புக்கடி சீரம் அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

ஃபிரிஜ்ஜின் கதவுக்குள் இருந்த தகட்டை அங்கிருந்த கம்பவுண்டர் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதி அனுப்பியிருந்தார். எல்லாம் பிரெஞ்சு. பிரிவில் பிரெஞ்சு படித்தவன் நான் ஒருவன்தான். "நீதான்பா இதற்கு ஆள்" என்று மேலாளர் ஃபைலை என்னிடம் தள்ளினார். எனக்குப் பெருமை. இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்கள் மத்தியில் என் பிரெஞ்சுக்கு மதிப்புக் கிடைத்தது அன்றுதான். உறிஞ்சல் முறைக் குளிர்பெட்டி, எரிபொருள் மண்ணெண்ணெய், 'தெ நிவோ'வாக, அதாவது சம மட்டமாக நிறுத்த வேண்டும் என்று அழகாக மொழிபெயர்த்து எழுதினேன். கீழே, வாங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, உதிரி பாகம் கிடைக்காது, கழித்துவிடலாம் என்று குறிப்புப் போட்டுக் கையெழுத்திட்டேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை. பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்தான். சீரத்தை நகரத்துக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, நெல் அறுவடை நேரம், அந்த ஊரில் ஒரு கூலி ஆளைப் பாம்பு கடித்தது. மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மருந்து இல்லை. மாட்டு வண்டியில் மெயின் ரோடு வரை, அங்கிருந்து லாரியில். வழியிலேயே உயிர் போய்விட்டது. மருந்து அங்கேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டரும் அப்படித்தான் சொன்னார். அலுவலகத்தில் ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு மட்டும் ஃபைலில் இருந்த அந்தக் கையெழுத்து ராத்திரியில் கண் முன்னால் வந்து நின்றது.

அப்பாவிடம் சொன்னேன். தூணில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மண்ணெண்ணெய்ப் பெட்டியா? அது எங்கேடா செத்துப் போவுது? இடம் மாத்தினாங்களா, கேட்டியா?"

கேட்கவில்லை. மறுநாள் லீவு போட்டு அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். இடம் மாற்றியிருந்தார்கள். மழையில் ஒழுகுகிறது என்று உள் அறையிலிருந்து தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். தாழ்வாரம் கழுவிவிட்டால் தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகப் போட்ட தரை. அப்பா கம்பவுண்டரிடம் ஒரு தட்டும் தண்ணீரும் கேட்டு வாங்கி ஃபிரிஜ்ஜின் தலையில் வைத்தார். தண்ணீர் ஒரு பக்கமாகப் போய் நின்றது. தகட்டில் இருந்த 'தெ நிவோ' இதுதான். இரண்டு சொல்லையும் பிழையில்லாமல் மொழிபெயர்த்தவன் நான். பிரெஞ்சில் ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாதவர் அப்பா.

பிறகு விளக்கைப் பார்த்தார். திரி கருகி மஞ்சளாகப் புகைந்து, புகைக்குழாயில் கரி அடைத்திருந்தது. திரியைக் கத்தரித்து, குழாயைச் சுத்தம் செய்து, எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி வைத்தார். நாங்கள் நாலு பேர் பிடித்து ஃபிரிஜ்ஜைத் தலைகீழாக நிறுத்தினோம். மதாம் வீட்டில் இரண்டு தடவை இப்படிச் செய்திருக்கிறாராம். சாய்ந்து நின்ற பெட்டிக்குள் திரவம் ஓட வேண்டிய வழியில் ஓடாமல் தேங்கிவிடுகிறது. கவிழ்த்தால் எல்லாம் கலந்து பழைய நிலைக்கு வருகிறது. ராத்திரி முழுவதும் அப்படியே இருந்தது. காலையில் நிமிர்த்தி, பழைய அறையில் மட்டம் பார்த்து நிறுத்தி, மத்தியானம் வரை சும்மா விட்டு, அப்புறம் விளக்கை ஏற்றினோம். தீ நீலமாக நின்றது. மறுநாள் விடியற்காலை கம்பவுண்டர் மேல் தட்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐஸ் கட்டியிருந்தது.

கழித்த சாமானைத் திரும்பப் பதிவேட்டில் ஏற்றுவது சாதாரண வேலை இல்லை. 'முடிந்த ஃபைலை ஏன் கிளறுகிறாய்' என்று திட்டு வாங்கி, மூன்று குறிப்பு எழுதி, ஏற்றினேன். மருந்தகத்துக்கு மின்சாரம் வரும் வரை அந்தப் பெட்டி வேலை செய்தது.

அதிலிருந்து ஃபிரிஜ் என்றால் முதலில் தகட்டைத்தான் பார்ப்பேன். பெரும்பாலும் உள்ளே காய்கறித் தட்டுக்குப் பக்கத்துச் சுவரிலோ, பின்பக்கமோ ஒட்டியிருக்கும். மாடல் எண் இருக்கும். உள்ளே இருக்கும் கேஸின் பெயர் இருக்கும். பழையதில் ஆர்-12, மிட்ஜ்லி என்ற அமெரிக்கர் 1928-இல் கண்டுபிடித்தது, ஓசோனைக் கெடுக்கிறது என்று 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு வந்தது. பிறகு ஆர்-134ஏ. இப்போது ஆர்-600ஏ, இது தீப்பிடிக்கும் வாயு, ஐம்பது கிராம் அளவுதான் இருக்கும். எந்த கேஸ் என்று பார்க்காமலே சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவரை உள்ளே விடாதீர்கள். 'டி' என்று ஒரு எழுத்தும் இருக்கும். 43 டிகிரி வெயில் வரை தாங்கும், நம் ஊருக்கு ஏற்றது என்று அர்த்தம்.

எதிர் வீட்டு ஃபிரிஜ்ஜின் தகட்டில் ஆர்-600ஏ, ஐஸ் கட்டாத மாடல் என்று இருந்தது. மேல் பெட்டியைத் திறந்தால் ஐஸ்கிரீம் கல்லாக இருக்கிறது, கீழேதான் குளிரவில்லை. கேஸ் போயிருந்தால் மேலேயும் உருகியிருக்க வேண்டுமே! இந்த மாடலில் மேலே உண்டாகும் குளிர்க்காற்றைத்தான் ஒரு விசிறி கீழே தள்ளுகிறது. அந்த வழி அடைத்திருக்கிறது.

"சமீபத்தில் இதை நகர்த்தினீர்களா அம்மா?"

"பொங்கலுக்கு வெள்ளையடிச்சப்ப ஆளுங்க நகர்த்தினாங்க ஐயா."

ஒரு தட்டில் தண்ணீர் கேட்டேன். ஃபிரிஜ்ஜின் மேல் வைத்தேன். தண்ணீர் முன்பக்கமாக வந்து நின்றது. முன் சாய்வாக நின்றதால் கதவு தானாக மூடவில்லை. அந்த இடுக்கில் ஒரு ரூபாய் நோட்டு சும்மா போய் வந்தது. ஈரக்காற்று புகுந்து உள்வழியில் ஐஸ் அடைத்துவிட்டது. சுவிட்சை அணைத்து, சாமான்களை எங்கள் வீட்டுக்கு மாற்றி, கதவைத் திறந்தே ஒரு நாள் முழுக்க வைக்கச் சொன்னேன். கத்தியால் ஐஸைக் குத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். குழாயில் ஓட்டை விழுந்தால் அப்போதுதான் நிஜமாகவே கேஸ் போகும். அவர் பேரன் முன்கால் திருகு இரண்டையும் கொஞ்சம் உயர்த்தினான்.

புதன்கிழமை மெக்கானிக் வந்தபோது ஃபிரிஜ் ஓடிக்கொண்டிருந்தது. வந்ததற்கு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். வியாழன் காலை அம்மாள் இன்சுலினை எடுத்துப்போக வந்தார். கையில் ஒரு கிண்ணத்தில் ரவா கேசரி. "தட்டுல தண்ணி வச்சுப் பாக்கறது எந்தப் புஸ்தகத்துல இருக்கு ஐயா?" என்று கேட்டார். "எங்கள் அப்பா வைத்த தட்டு அம்மா" என்றேன். டாக்டர் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்பதை அவருக்கும் நினைவுபடுத்தவில்லை, எனக்கும் நினைவு வரவில்லை.