கடை மேலாளர் (சாரா ஆடை நிறுவனம்)

ஸ்பெயினின் ஆ கொருன்யா நகரில் அமான்சியோ ஒர்த்தேகா 1975-இல் தொடங்கிய சாரா கடைகளில், ஒரு கிளையின் விற்பனைக்கும் பணியாளர்களுக்கும் சரக்குக்கும் பொறுப்பானவர். தாய் நிறுவனம் இன்டிடெக்ஸ். புதுச் சரக்கு வாரம் இருமுறை வந்திறங்கும். எந்த உடை, எந்த அளவில் தேவை என்று தலைமையகத்துக்குச் சொல்வதில் இவருக்குப் பெரும் பங்குண்டு. விற்றது எவ்வளவு என்பதைக் கணினியே காட்டிவிடும். விற்காததன் காரணத்தைக் காட்டாது. போட்டுப் பார்க்கும் அறையிலிருந்து ஒரே சட்டை திரும்பத் திரும்ப வெளியே வந்தால், கழுத்து இறுக்கமா, துணி உறுத்துகிறதா என்று விசாரித்து மேலே தெரிவிப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. இருப்பு எடுப்பதும் இவர் பொறுப்பே. முன்பு பட்டைக்குறிகளை ஒவ்வொன்றாக வருட வேண்டியிருந்தது. 2014 வாக்கில் பாதுகாப்பு வில்லைகளுக்குள் ரேடியோ அலைச் சில்லுகள் வந்தபின் அந்தப் பளு வெகுவாகக் குறைந்தது.