ஆடுதுறை 27: வயது என்னும் பத்தி

எங்கள் பக்கத்தில் ஆடுதுறை என்பது ஊர்ப்பெயராக அல்ல, விதைப்பெயராகத்தான் முதலில் காதில் விழும். கூலி வேலைக்குப் போன என் தாத்தா 'ஆடுதொறை இருவத்தேழு' என்று சொன்னபோது அது ஏதோ பஸ் நம்பர் என்றே சின்ன வயசில் நினைத்திருக்கிறேன்.

கும்பகோணத்தை அடுத்த ஆடுதுறையில் 1922இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1985இல் தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆனது. அதன் வரலாறு பெரும்பாலும் ரகங்களின் அட்டவணையாகவே எழுதப்பட்டுவருகிறது: பெயர், வயது, மகசூல். நாம் எல்லோரும் மகசூலைத்தான் வாசிக்கிறோம். 'வயது' என்ற பத்தியை மட்டும் தனியே வாசித்தால் வேறொரு வரலாறு கிடைக்கும் எனத் தோன்றுகிறது.

ஆடுதுறை 27, 1960களின் நடுவில் வெளிவந்தது. ஜப்பானிய நெல்லான நோரின் 10க்கும் (கோதுமையில் பேர்பெற்ற நோரின் வேறு) நம்மூர் ஜி.இ.பி. 24க்கும் பிறந்த கலப்பு. கட்டக் மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தை மையமாகக் கொண்டு 1950களில் நடந்த இந்திகா - ஜப்பானிகா கலப்புத் திட்டத்தின் வாரிசு. வயது ஏறத்தாழ 105 நாள். தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் 1960 வாக்கிலேயே தஞ்சாவூருக்குக் கடனையும் உரத்தையும் கொண்டுவந்துவிட்டது. அந்த உரத்தை வாங்கிக்கொள்ளும் விதைதான் பாக்கியிருந்தது.

105 நாள் என்பது வெறும் தாவரவியல் தகவல் அல்ல. மேட்டூர் ஜூனில் திறந்தால் குறுவை. அதை அறுத்த கையோடு தாளடி நடவு. ஆனால் குறுவை அறுப்பு வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வந்து நிற்கும். நனைந்த நெல் களத்திலேயே முளைவிட்டது. ஈர நெல்லைச் சமாளிக்க 1967இல் திருவாரூரில் தொடங்கிய ஆய்வுக்கூடம் பின்பு தஞ்சாவூரில் நெல் பதன ஆராய்ச்சி மையமாக வளர்ந்தது. ஆக, ஒரு நிறுவனத்தின் விதைக்கு இன்னொரு நிறுவனம் பதில் தேட வேண்டியிருந்தது.

நாள் நெருக்கடி நெல்லுக்கு மட்டுமா? அறுப்பும் நடவும் சில வாரத்துக்குள் ஒன்றையொன்று முட்டியபோது, கூலிக்காரர்களின் பேரம் பேசும் பலம் கூடியது. மிராசுதார்கள் வெளியூர் ஆளை இறக்கினார்கள். கூலி நெல் தகராறின் தொடர்ச்சியில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டனர். விதைதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. சாதியும் நிலவுடைமையும் விதைக்கு முந்தியவை. செங்கொடியும் அதற்குமுன்பே வயலுக்கு வந்துவிட்டது. ஆனால் 'வளர்ச்சி' என்ற சொல்லாடல் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று மட்டும் கேட்டது. மூட்டைக்கு எத்தனை மரக்கால் கூலி என்ற கேள்வி அதன் அட்டவணைக்கு வெளியிலேயே நின்றது. அரசு அந்தக் கேள்விக்கு 1969இல் நியாயக் கூலிச் சட்டம் போட்டுப் பதில் சொல்ல வேண்டிவந்தது.

நிறுவனத்தைப் பழிப்பது சுலபம். குறுவை இல்லாவிட்டால் எங்கள் வீட்டு அடுப்பு எத்தனையோ நாள் எரிந்திருக்காது. தாத்தாவிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். 'வேல நாளு கூடுச்சுடா. மரக்கா கூடல. அதுக்குத்தான் சண்ட' என்றார்.

இன்று அந்த அவசரத்தை அறுவடை இயந்திரம் தீர்த்துவைக்கிறது. பேரம் பேச வாய்த்த அந்தச் சில வாரங்களும் அதோடு போயின. அதற்கு எந்த அட்டவணையிலும் பத்தி இல்லை.