சிட்கோ விளம்பரப் பலகை, பாஸ்டன்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், கென்மோர் சதுக்கத்தை ஒட்டிய பீக்கன் தெரு 660ஆம் எண் கட்டடத்தின் கூரைமேல் நிற்கும் பெட்ரோல் நிறுவன விளம்பரம். இருபுறமும் ஒளிரும், ஒவ்வொரு முகமும் 60 அடிச் சதுரம். ஃபென்வே பார்க் பேஸ்பால் அரங்கில் இடப்பக்கச் சுவருக்கு மேலே தலைகாட்டும். பாஸ்டன் மாரத்தான் ஓடுவோர் இதை நெருங்கினால் இன்னும் ஒரு மைல்தான். நொந்த கால்களுக்கு இதைவிட நல்ல மைல்கல் கிடையாது.

1940இல் சிட்டீஸ் சர்வீஸ் என்ற பெயரில் முதல் பலகை இங்கு ஏறியது.

நிறுவனம் சிட்கோ என்ற வணிகப் பெயரை ஏற்றதும், 1965இல் சிவப்பு முக்கோணச் சின்னம் வந்தது. இதில் வளைத்துப் பொருத்திய நியான் குழாய்கள் 5,000க்கும் மேல். 1968இல் இதன் விளக்குகள் எரிந்து அணைவதை மட்டும் படமாக்கி ‘கோ, கோ சிட்கோ’ என்றொரு குறும்படமே வந்தது. அந்த மினுக்கலுக்குப் பின்னணி இசையாகப் பண்டிட் ரவிசங்கரின் சிதாரும் ஒலித்தது!

எண்ணெய் நெருக்கடியின்போது, 1979இல், ஆளுநர் எட்வர்ட் கிங் மின்சாரச் சிக்கனம் கருதிப் பலகையை அணைக்கச் சொன்னார். நான்கு ஆண்டுகள் இருட்டு. இதற்குச் செலவாகும் மின்சாரம் அற்பம் என்று வாதிட்டவர்களும் உண்டு. எண்ணெய் விற்பவனின் விளம்பரம் எரிந்துகொண்டிருப்பதே தவறான முன்னுதாரணம் என்பது எதிர்த்தரப்பின் எண்ணம். 1983 தொடக்கத்தில் பலகையைக் கழற்ற ஆட்கள் வந்தபோதுதான் ஊர் விழித்தது. விளம்பரத்தைப் பாரம்பரியச் சின்னமாகக் கருதலாமா என்ற கேள்வி பாஸ்டன் நினைவுச் சின்ன ஆணையத்தின் முன் போனது. சாலையோரக் கலையின் அரிய மிச்சம் என்றனர் ஆதரவாளர்கள். வெறும் வணிகத் தட்டி என்றனர் மற்றவர்கள். ஆணையம் கழற்றும் வேலையை நிறுத்திவைத்தது. நிறுவனமே பழுதுபார்த்து, அவ்வாண்டு ஆகஸ்டில் கூட்டம் சூழ மறுபடி ஏற்றியது.

2005இல் நியான் குழாய்களுக்குப் பதில் எல்இடி விளக்குகள் பொருத்தப்பட்டன. 2010இல் அவையும் மாற்றப்பட்டன. இதை இன்னும் ‘நியான் பலகை’ எனலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஊரார் வழக்கை மாற்றிக்கொள்ளவில்லை.

கட்டடம் கைமாறியதை அடுத்து, 2018 நவம்பரில் ஆணையம் இதை நினைவுச் சின்னமாக அறிவிக்க வாக்களித்தது. நிறுவனமும் கட்டட உரிமையாளரும் பலகையைத் தக்கவைக்க உடன்பட்டுவிட்டதாகக் கூறி, மேயர் மார்ட்டி வால்ஷ் அதே மாதம் அம்முடிவை ரத்து செய்தார்.