லினக்ஸ்ல எந்த ஃபைல் எதுல திறக்கணும்? நீங்களே முடிவு பண்ணலாம்!

2025 அக்டோபர் 14-ம் தேதியோட விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. வீட்ல இருக்கற பழைய லேப்டாப்புல விண்டோஸ் 11 ஏறாதுனு தெரிஞ்சதும், யாரோ ஒரு நண்பர் பேச்சைக் கேட்டு உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ போட்டிருப்பீங்க. ரெண்டாவது நாளே எரிச்சல் ஆரம்பிக்கும். படத்தை டபுள் க்ளிக் பண்ணினா பழக்கமே இல்லாத ஒரு ப்ளேயர் திறக்குது. 'நமக்கு இது செட் ஆகாது'னு லேப்டாப்பைப் பரண்ல ஏத்திடாதீங்க. அஞ்சு நிமிஷ வேலைதான் இது.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில சிவப்பு 'கெப்பி' தொப்பியோட நிக்கற போலீஸ்காரர்களைப் பார்த்திருப்பீங்க. பிரெஞ்சு காலத்து மிச்சம் அது. அதே பிரான்ஸோட ஜாந்தார்மெரி காவல் படை, லினக்ஸுக்கு மாறின விதம் சுவாரஸ்யமானது. எடுத்த எடுப்பிலேயே விண்டோஸைத் தூக்கிப் போடலை. முதல்ல அதுலயே ஓப்பன் ஆபீஸ், அப்புறம் ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட்னு ஆப்களை மட்டும் மாத்தினாங்க. கை பழகின பிறகு, 2008-லேருந்து உபுண்டு. அதுக்கு 'ஜென்ட்பண்டு'னு பேர்கூட உண்டு. ஆப் பழகிட்டா, அடியில ஓடுறது விண்டோஸா லினக்ஸானு யாரும் பெருசா கவலைப்படறதில்லை.

நாமும் ஒரு பிரெஞ்சு ஆப்பை வெச்சே ஆரம்பிப்போம். ஆரஞ்சு கூம்பு ஐகானோட வர்ற வி.எல்.சி, பாரிஸ் பக்கத்துல ஒரு இன்ஜினீயரிங் காலேஜ் மாணவர்களோட ப்ராஜெக்ட்டா 1996-ல தொடங்கினது. உபுண்டுல 'ஆப் சென்டர்', மின்ட்ல 'சாஃப்ட்வேர் மேனேஜர்' திறந்து தேடி, இன்ஸ்டால் குடுங்க. பாஸ்வேர்டு கேட்கும். அடுத்து, ஏதாவது ஒரு வீடியோ மேல ரைட் க்ளிக் பண்ணி 'ஓப்பன் வித்' போங்க. வி.எல்.சி-யைத் தேர்ந்தெடுத்து, இந்த வகை ஃபைலுக்கு எப்பவும் இதுதான்ங்கற ஆப்ஷனை ஆன் பண்ணுங்க. அவ்ளோதான். மின்ட்ல ரைட் க்ளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', அதுல 'ஓப்பன் வித்'னு போகணும்.

இங்கதான் நிறைய பேர் குழம்புவாங்க. எம்.பி.4 ஃபைல் சரியா திறக்கும், எம்.கே.வி மட்டும் பழைய ப்ளேயருக்கே போகும். காரணம், லினக்ஸ் ஒவ்வொரு ஃபைல் வகைக்கும் தனித்தனியா ஆப்பை ஞாபகம் வெச்சுக்கும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு தடவை சொல்லிட்டா போதும். ப்ரௌசர், மெயில் மாதிரி பொதுவான விஷயங்களை உபுண்டு செட்டிங்ஸ்ல 'டீஃபால்ட் ஆப்ஸ்', மின்ட்ல 'ப்ரிஃபர்டு அப்ளிகேஷன்ஸ்' பகுதியில மாத்தலாம். இந்தத் தேர்வுகள் உங்க யூசர் கணக்குக்குள்ளதான் சேமிக்கப்படும். அதனால ஒரே லேப்டாப்புல தங்கச்சிக்குத் தனி லாகின் இருந்தா, அவங்க செட்டிங் அப்படியே இருக்கும். சண்டை மிச்சம்!

ஒரே ஒரு எச்சரிக்கை. புது ஆப் வந்துடுச்சேனு பழசை அன்இன்ஸ்டால் பண்ண அவசரப்படாதீங்க. சிலதை நீக்கும்போது டெஸ்க்டாப்புக்குத் தேவையான வேற பேக்கேஜ்களும் சேர்ந்து போகலாம். நீக்கப்போற பட்டியலைக் காட்டும்போது முழுசா படிச்சுட்டு ஓகே குடுங்க.

வேலை தேடுறவங்க லிப்ரே ஆபீஸ்ல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அது வழக்கமா தன்னோட சொந்த ஃபார்மேட்லதான் சேவ் பண்ணும். 'டூல்ஸ்' மெனுல 'ஆப்ஷன்ஸ்', அதுல 'லோடு/சேவ்', அப்புறம் 'ஜெனரல்'னு போய் எப்பவும் வேர்டு ஃபார்மேட்ல சேவ் ஆகற மாதிரி மாத்திக்கலாம். ஆனா ரெஸ்யூமேவை மட்டும் பி.டி.எஃப்-ஆ அனுப்புறதுதான் என் சாய்ஸ். விண்டோஸோட 'லதா' மாதிரி ஃபான்ட்கள் லினக்ஸ்ல இருக்காது. வேற ஃபான்ட் வந்து உட்கார்ந்து, ஒரு பக்க ரெஸ்யூமே ஒண்ணரை பக்கமாகிடும்.

எங்கயாவது மாட்டிக்கிட்டா, புதுச்சேரியில 'ஃப்ரீ சாஃப்ட்வேர் ஹார்டுவேர் மூவ்மென்ட்', பக்கத்துல விழுப்புரத்துல 'ஜி.எல்.யு.ஜி' குழுனு கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் இருக்காங்க. தமிழ்ல படிச்சுக்க, 2012-லேருந்து வர்ற 'கணியம்' இதழ் இருக்கு.