கணைக்கால் எலும்பு நேராக்க அறுவை

முழங்கால் மூட்டின் உட்புறம் மட்டும் தேய்ந்து, கால் வில்லாக வளைந்தவர்களுக்கு, கணைக்காலின் பருத்த உள்ளெலும்பை முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கோணத்தை மாற்றிப் பொருத்தி, உடல் எடையைத் தேயாத வெளிப்புறத்துக்குத் திருப்பும் அறுவை மருத்துவம் கணைக்கால் எலும்பு நேராக்கம் எனப்படும். இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு வரையப்படும் கோடு, அதாவது எடை இறங்கும் அச்சு, நேரான காலில் முழங்காலின் நடுவை ஒட்டிச் செல்லும். வளைந்த காலில் அது உட்பக்கம் விலகுவதால் அங்குள்ள குருத்தெலும்பு மேலும் நசுங்குகிறது, நசுங்க நசுங்க வளைவும் கூடுகிறது.

1958-இல் இங்கிலாந்தில் ஜே. பி. ஜாக்சன் முன்வைத்த இம்முறையை, வெளிப்புறத்தில் ஆப்பு வடிவ எலும்புத் துண்டை எடுத்துவிட்டு இடைவெளியை மூடும் வகையில், அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்து மார்க் கவென்ட்ரி 1965-இல் விரிவாக எழுதிப் பரவச் செய்தார். அம்முறையில் பக்கத்து மெல்லிய எலும்பையும் வெட்டவோ விடுவிக்கவோ வேண்டியிருந்ததோடு, அதையொட்டி ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டால் பாதம் தொங்கிவிடும் இடரும் இருந்தது. இன்று பெரிதும் கையாளப்படுவது உட்புறத்திலிருந்து வெட்டும் முறையே. வெளி ஓரத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் எலும்பைக் கதவுக் கீல்போல விட்டுவைத்து, வெட்டை மெல்ல விரித்து, திருகாணிகள் பூட்டிக்கொள்ளும் உலோகத் தகட்டால் நிறுத்துவர். அவசரப்பட்டு விரித்தால் அந்தக் கீலே விரிசல் விடும். எடை அச்சு மூட்டு அகலத்தில் உள் ஓரத்திலிருந்து ஏறத்தாழ 62 விழுக்காடு தொலைவில் விழவேண்டும் என்ற பரவலான இலக்கு, 1979-இல் வெளிவந்த ஃபுஜிசாவாவின் ஆய்வை அடியொற்றியது. இதைக் கணிக்க, நோயாளியை நிற்கவைத்து இடுப்பு முதல் கணுக்கால் வரை எடுக்கும் நீண்ட எக்ஸ்ரே தேவை. முழங்காலை மட்டும் காட்டும் படத்தை நம்பி வெட்டுவது குத்துமதிப்பு வேலை.

மலேசிய மாநிலமான நெகிரி செம்பிலானின் போர்ட்டிக்சன் மாவட்டத்துச் சுவா போன்ற தோட்டப்புறங்களில் இவ்வறுவைக்குத் தனிப் பொருத்தம் உண்டு. ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகையில் தாழ்ந்த பட்டைக்குக் குனிவதும், செம்பனையின் உதிரிப் பழங்களைக் குந்திப் பொறுக்குவதும், குலைகளைத் தூக்குவதும் ஆண்டுக்கணக்கில் முழங்காலில் ஏறும் சுமை. நீண்டநேரம் குந்துவதும் பளு தூக்குவதும் மூட்டுத் தேய்வை மிகுவிக்கும் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. மலேசியாவில் 2007-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில் மூட்டு சார்ந்த முறையீடுகளில் ஏறத்தாழ 65 விழுக்காடு முழங்காலைப் பற்றியவையே. இவ்வட்டாரத்தவருக்கு மாநிலத்தின் பெரிய அரசு மருத்துவமனை சிரம்பானிலுள்ள துவாங்கு ஜாபார் மருத்துவமனை. தேய்ந்த மூட்டுக்கு மாற்றாகப் பொருத்தும் செயற்கை மூட்டு வலியை நன்கு போக்கினாலும், குந்தி எழுந்து பளு தூக்கும் உழைப்பில் விரைவில் தேயக்கூடும். சொந்த மூட்டு நிலைப்பதே நேராக்கத்தின் மேன்மை.

ஆயினும் இது எல்லாருக்கும் ஆகாது. பெரும்பாலும் அறுபது, அறுபத்தைந்து வயதுக்கு உட்பட்டு, வெளிப்புறக் குருத்தெலும்பு நல்ல நிலையில் இருந்து, முழங்காலைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கக் கூடியவர்களே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இது பரிந்துரைக்கப்படுவதில்லை. புகைபிடிப்போருக்கு எலும்பு கூடுவது தாமதமாகும். தேய்வும் முற்றாக நின்றுவிடுவதில்லை, பல ஆண்டுகளுக்குப் பின் செயற்கை மூட்டு தேவைப்படலாம்.

பொதுவாக முதல் சில வாரங்கள் ஊன்றுகோலுடன் நடக்கவேண்டும். எலும்பு கூட மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும், கனமான வேலைக்குத் திரும்புவது அதன் பிறகுதான். நாட்சம்பளக்காரருக்குக் கத்தியைவிட இந்த மாதங்களே பெரிய தடை. தோலுக்கு அடியிலேயே இருக்கும் தகடு உறுத்தினால், எலும்பு நன்கு கூடியபின் அதை அகற்ற இன்னொரு சிறு அறுவையும் அதற்கான விடுப்பும் வேண்டியிருக்கும்.