கல்லில் எழுதாத கல்வெட்டு

நாட்டின் வரலாறு அரசர்தம் சாசனங்களால் மட்டும் அமைவதன்று. குடும்பங்கள் பேணிய நினைவுகளும் அதற்குச் சான்றாவன. ஈழத்துத் தமிழில் இவ்வுண்மையைக் 'கல்வெட்டு' என்ற சொல்லே உணர்த்துகின்றது. பொதுவாக அது கல்லிற் பொறித்த சாசனத்தைக் குறிக்கும். ஆயின் கோணேசர் கல்வெட்டோ செய்யுளும் உரைநடையும் விரவிய நூலாகும். இறந்தோரின் பிறப்பு, வாழ்வு, சுற்றம், மறைவு ஆகியவற்றைப் பாடி, அந்தியேட்டியின்போது வழங்கும் சிறு நூலும் கல்வெட்டென்றே பெயர் பெற்றது. தாளில் எழுதியதும் கல்லைப்போல் நிலைக்கவேண்டும் என்ற விருப்பமே இப்பெயரில் ஒலிக்கின்றது எனலாம்.

இவ்விருப்பத்தின் ஆழத்தை அறிதற்கு வீரமுனை தக்க எடுத்துக்காட்டாகும். சம்மாந்துறையை அடுத்துள்ள இவ்வூரில் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில் அமைந்துள்ளது. சோழ அரசகுமாரியான சீர்பாததேவி தன் கணவன் வாலசிங்கனுடன் கடல்வழி வருகையில் பிள்ளையார் திருவுருவைப் பெற்று, கப்பல் சென்றடையும் இடத்திற் கோயில் எடுப்பதாக நேர்ந்துகொண்டாள் என்றும், அக்கப்பல் வீரமுனையை அடைந்தது என்றும் மரபு கூறும். சீர்பாத குலத்தார் தம் தோற்றத்தை இக்கதையோடு இணைப்பர். இதனை ஆண்டு கணித்து நிறுவுதல் அரிது. ஆயினும், ஒரு சமூகம் தன்னை எவ்வாறு நினைவுகூர்ந்தது என்பதற்கு இது நேரிய சான்றாகும்.

இப்பிரதேசத்தில் நினைவைக் காக்கும் முறையும் தனித்தன்மை உடையது. தமிழரிடையிலும் முஸ்லிம்களிடையிலும் 'குடி' என்னும் பிரிவு தாய்வழியாகவே தொடர்கின்றது. கோயிற் கடமைகள் குடிகளுக்குரியனவாக அமைந்தமை போலவே, பள்ளிவாசல் மரைக்காயர் பதவியும் குடிமுறையோடு தொடர்புற்றிருந்தது. வீடு மகளுக்குச் சீதனமாகும். மகள் தாயின் அயலிலேயே வாழ்வாள். எனவே, குடியின் கதையைப் பாட்டியிடமிருந்து பேர்த்தி கேட்பதற்குத் தாய்வீடே களமாயிற்று.

அவ்வீடு அழியின் நினைவும் அழியும் என்பதே இம்முறையின் இடர். 1990 ஓகஸ்ட் 12 இல் வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தோர் பலர் கொல்லப்பட்டனர். அதற்குச் சில நாட்களின் முன், ஓகஸ்ட் 3 இல், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். 2004 டிசெம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் உயிர்களையும் வீடுகளையும் கொண்டுசென்றது. இத்தகைய பேரிழப்புகளில் உறுதிகளும் ஒளிப்படங்களும் மட்டுமன்றி, அவற்றிற்குப் பொருள் கூறவல்ல மூத்தோரும் மறைகின்றனர்.

ஆதலின் அச்சிட்ட கல்வெட்டுகளும் நினைவு மலர்களும் வரலாற்று மாணவனுக்கு விலைமதிப்புடையன. அவற்றிற் புகழுரை மிகுதி என்பது உண்மையே. எனினும் ஊர்ப்பெயர், மணவுறவு, தொழில், இடப்பெயர்வு ஆகிய செய்திகள் புகழுரையினிடையே பொதிந்துள்ளன. 2005 இல் தோன்றிய நூலகம் எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களும் தொகுக்கப்படுவது போற்றத்தக்கது.

தொகுத்தலோடு கேட்டெழுதுதலும் வேண்டும். தந்தையின் பெயரை மட்டும் பதிந்து தாயின் குடியைக் கேளாது விடின், மட்டக்களப்பு மரபின் முதுகெலும்பே விடுபட்டுவிடும். கூறியவர் யார், எவ்வூரவர், எந்நாளிற் கூறினார் என்பனவும் குறிக்கப்படல் வேண்டும். பின்புறத்தே பெயர் எழுதாத படத்திலுள்ளவர் இரு தலைமுறைக்குள் தம் வீட்டார்க்கே அந்நியராவர். பாட்டியின் வாய்மொழி ஒரு குறிப்பேட்டில் ஏறும்போதே அது பேர்த்தியின் பேர்த்திக்கும் உரிய கல்வெட்டாகின்றது.